மினிஸ்டருக்கு வந்த தண்ணீர்

முதலில் ஓர் இருமல். பிறகு தொண்டையைச் செருமுவதுபோல நீளமாய் ஒரு கரகரப்பு.

குழாய்க்குள் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் வருமோ வராதோ, கொட்டாஞ்சேனையின் அந்த நெருக்கமான வரிசை வீடுகளுக்கு அந்த ஒரே குழாய்தான். வாளிகளோடு எல்லோரும் ஓடி வந்தார்கள்.

டோரின் தன் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வழக்கம்போல சிறில் பக்கத்தில் வந்து நின்றார். கையில் வாளி இல்லை.

அவருக்கு எதற்கு வாளி? மாநகரசபை மெம்பர் இராஜநாயகத்தின் வீட்டு ஆள் அவர். கேற்றைத் திறப்பார், மீன்தடாகம் கழுவுவார், தேர்தல் வந்தால் போஸ்டர் ஒட்டுவார். குளிப்பதும் குடிதண்ணீர் எடுப்பதும் மெம்பர் வீட்டில்தான். ஆனாலும் காலையில் குழாயடிக்கு வந்து, டோரினுக்குப் பக்கத்தில் நின்று மெம்பர் புராணம் பாடாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

"எங்கட சேர்ட மீனுக்குக் குழாய்த்தண்ணி ஒத்துக்கொள்ளாது, பிள்ளை. வெள்ளிக்கிழமையில பவுசர்தான் வரும்!" என்பார்.

அந்தத் தண்ணீர் லொறி இந்தக் குழாயடிக்கு வரவேண்டியது. வாளி ஏந்தி நின்றவர்களுக்கு வயிறு எரியும். டோரினுக்கு மட்டும் கை துறுதுறுக்கும்.

வெள்ளவத்தையில், ஃபோனும் போட்டோக்கொப்பியுமாக ஒரு கொமியூனிகேஷன் கடையில் அவளுக்கு வேலை. ஆள் இல்லாத நேரம் பார்த்து, கடைக் கம்பியூட்டரில் எழுதிவிடுவாள். அவளுடைய வலைப்பூவின் பெயர் 'காலி வாளி'. எழுதுவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் போட்டோக்கொப்பி எடுத்துச் சலூனிலும் கொமியூனிகேஷனிலும் வாசித்தார்கள். யாரோ சிங்களத்திலும் மாற்றிப் போட்டார்கள். மெம்பரை நாலு வரி ஏசினால், சிறிலை ஒரு வரியாவது ஏசாமல் அவள் விடமாட்டாள். 'மெம்பரின் வால்' என்பது அவள் வைத்த பெயர்தான்.

இன்றைக்கு வால் ஆடவில்லை. சிறில் வாயைத் திறக்கவேயில்லை.

"என்ன சிறில், இண்டைக்கு உங்கட சேர் தும்மக்கூட இல்லையோ?" என்றாள் வாய்க்காரி யோசெப்பின்.

அவர் பதில் சொல்லுமுன் ஒழுங்கைக்குள் ஜீப் நுழைந்தது. வெள்ளை வேட்டியும் சிவந்த முகமுமாக மெம்பரே இறங்கினார்.

"ஆர் அந்தக் காலி வாளி?"

எல்லோரும் தங்கள் தங்கள் வாளிக்குள் பார்த்தார்கள்.

"என்ர தடாகத்துக் கொழுத்த மீனுக்கு மினிஸ்டர் எண்டு பேராம். வாயைத் திறக்கிறதே விழுங்கத்தானாம். எழுதியிருக்கு! மினிஸ்டர் ராத்திரி ஃபோன் எடுத்து, 'அது நானா காணும்?' எண்டு கேக்கிறார்!"

வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"சிரியுங்கோ. 'கொட்டியா', புலி எண்டு நான் ஒரு சொல் சொன்னாப் போதும். எழுதினவரை வெள்ளை வான் வந்து ஏத்திக்கொண்டு போகும்."

சிரிப்பு நின்றது. அப்படி ஏற்றிப்போன பிள்ளைகள் திரும்பி வராத காலம் அது.

மெம்பர் சிறிலின் பக்கம் திரும்பினார். "அந்தப் பேர் என்ர வீட்டு மதிலுக்குள்ள இருந்த பேர். ஆரிட்டச் சொன்ன நீ?"

சிறிலின் கண் வரிசை முழுவதும் ஓடியது. டோரினில் வந்து ஒரு கணம் நின்றது.

போன கிழமை, வாளியைத் தூக்கிவிடும் சாட்டில் குனிந்தபோதுதான் அவர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று டோரின் நினைத்தாள்.

"ஆரிட்டச் சொல்லேல்லை எண்டு கேளுங்கோ, சேர்!" சிறில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "சலூன்ல சொன்னனான். மீன் மார்க்கெட்ல சொன்னனான். மட்டக்குளி போற பஸ்ஸில, கொண்டக்டருக்கும் சொன்னனான். எங்கட சேர்ட மீன் எண்டா சும்மாவா?"

"உண்மைதான் சேர். இந்தாள் கதைச்சுக் கதைச்சு எங்களுக்கே காது புளிச்சுப்போச்சு" என்றாள் யோசெப்பின்.

"மோடயா! கேற் திறப்பைத் தா. இனி உன்ர முகத்தை என்ர வாசல்ல காணக்கூடாது."

இடுப்பில் இருந்த திறப்புக் கொத்து கை மாறியது. ஜீப் போய்விட்டது.

"வால் அறுந்துட்டுது!" என்று யாரோ கத்த, குழாயடியே சிரித்தது. சிறில் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளி. பாவனையில் இல்லாததால் உள்ளே தூசியும் சிலந்திவலையும். வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

டோரினின் முறை வந்தது. அவள் நடந்துபோய் சிறிலின் வாளியை வாங்கி வந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

"ஏய், வரிசை!" என்றாள் யோசெப்பின்.

"என்ர முறையைத்தான் அக்கா குடுக்கிறன்."

தண்ணீர் தகர வாளியில் தடதடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் டோரின் மெல்லச் சொன்னாள்: "வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமே, அண்ணன். வேலையெல்லோ போச்சு."

"அடக்கித்தான் இருந்தனான்." அவர் வாளியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த மீன்ட பேரை உன்னைத் தவிர ஒருத்தரிட்டையும் நான் சொல்லேல்லை, பிள்ளை. ஊருக்குத் தெரியவேணும் எண்டுதான் உன்னட்டச் சொன்னனான்."

டோரின் குனிந்து, வாளியை அலசி ஊற்றிவிட்டு, மறுபடி குழாயின் கீழ் வைத்தாள்.