மைனாவுக்கு வராத குரல்

பழைய அரசனின் கோட்டை புதைந்த மேட்டில் அகழாய்வுக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழியோரம் ஒரு மைனா. யார் குரலிலும் பேசும்.

மண்ணிலிருந்து எட்டிப்பார்த்த செப்புக்காசு, "எங்க ராஜா மாதிரி பேசு பார்ப்போம்!" என்றது.

மைனா செருமிக்கொண்டு, "யாரங்கே!" என்று அதட்டியது.

"அவரேதான்!" என்று காசு உருகியது.

பக்கத்தில் கிடந்த கரிபிடித்த உடைந்த சட்டியின் ஓடு ஒன்று மெல்லக் கேட்டது: "மைனாண்ணே, என்னைக் கழுவும்போது ஒருத்தி பேசிக்கிட்டே கழுவுவா. ரெண்டாயிரம் வருஷத்துல அவ குரல் மறந்துபோச்சு. கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்."

மைனா அதட்டிப் பார்த்தது, கொஞ்சிப் பார்த்தது, பாடியும் பார்த்தது.

"இல்லண்ணே… இது இல்ல," என்றது ஓடு.

அப்போது மண்வேலைக்கு வந்த சொர்ணம் ஓட்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தாள். "எம்புட்டுக் கரிடி ஒனக்கு! செத்த பொறுத்துக்க, தங்கம்… இந்தா ஆச்சு."

"இதேதான்!" என்று ஓடு கூவியது. "எப்படிண்ணே பிடிச்சீங்க? நிறுத்திடாதீங்க, பேசுங்க!"

"பேசினது நான் இல்ல" என்று சொல்லத்தான் மைனா வாயைத் திறந்தது. சொர்ணம் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைனா அலகை இறுக்க மூடிக்கொண்டது.