கீழ் ஹோஸில் ஒரு சொட்டு

"மாமா, இன்னிக்காவது வண்டி ஒழுகாம இருக்குமா?" கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை ஷெட்டுக்குள் நுழைந்தான். எண்ணெய்க் கறை படிந்த அதே பழைய சட்டை. பையில் ஸ்க்ரூ டிரைவர் துருத்திக்கொண்டிருந்தது.

"ஒழுகாது மாப்பிள்ளை. எனக்கென்னமோ இன்னிக்கு முடிஞ்சிடும்னு தோணுது" என்றார் மாமா.

ஆறு வருஷத்துக்கு முன், மகளுக்கும் அவனுக்கும் கல்யாணமான புதிதில், அந்தக் கார் பதினேழு பெட்டிகளில் உதிரி உதிரியாக வந்து இறங்கியது. வீட்டிலேயே பொருத்திக்கொள்ள வேண்டிய கார். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள். இவர்கள் இரண்டு பேரும் உருண்டோடிய போல்ட்டைத் தேடித் தரையில் தவழ்வார்கள். "ரெண்டு சீட்டுதானே இருக்கு? அப்பாவை டிக்கியில போட்டுடலாம்" என்று அவள் சிரிப்பாள். என்ன மாதிரி நாட்கள் அவை!

யார் கண் பட்டதோ, மகளுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை. போன வருஷம் விவாகரத்தும் ஆகிவிட்டது. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஆனாலும் அவன் ஞாயிறு தவறாமல் வந்தான். "வண்டியை அரைகுறையா விட்டா நல்லாவா இருக்கும்?" என்பான். "அதானே!" என்பார் இவர். மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை அவரும் நிறுத்தவில்லை, அவனும் திருத்தவில்லை.

மிச்சமிருந்தது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலிங் வேலை ஒன்றுதான். ரேடியேட்டர் பொருத்தியாயிற்று, ஃபேனும் மாட்டியாயிற்று. ஆனால் நாலு வாரமாக எஞ்சின் சூடானதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், அந்த ரப்பர் குழாயில், ஒழுகல். அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பை மாற்றினார்கள், ஹோஸையே மாற்றினார்கள். ம்ஹூம், அடுத்த ஞாயிறு மறுபடியும் ஒழுகும்! அது நின்றால் வண்டி முடிந்தது. அவன் இங்கே வருவதற்கு அப்புறம் என்ன சாக்கு இருக்கிறது?

மாமா உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்தார். அதற்குள் அவன் ரேடியேட்டரில் கூலன்ட் திரவத்தை ஊற்றி, ஹோஸைப் பிசைந்து பிசைந்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றியிருந்தான். எஞ்சினைக் கிளப்பினார்கள். சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. ஃபேன் தானாகவே சுற்றத் தொடங்கியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

டப். தரையில் ஒரு சொட்டு. பின்னாலேயே இன்னொன்று.

"அதெப்படி?" மாமா பதறிப்போனார். "காலையில நானே நல்லா முறுக்கி வெச்சேனே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இனி மறைத்து என்ன பயன்?

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. நாலு வாரமா, நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்தக் கிளிப்பைத் தளர்த்தி வெச்சது நான்தான். உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு, எத்தனை நாள் பிடிச்சு வைக்கிறதுன்னு இன்னிக்குத்தான் இறுக்கி வெச்சேன்."

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"அது எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும் மாமா. இன்னிக்கு கிளிப் இறுக்கமா இருந்துச்சா... நீங்க மறந்துட்டீங்களோன்னு நான் தளர்த்தி விட்டுட்டேன்."