மரைக்காயர் திரும்பி வந்தவரா?

"மரைக்காயர் திரும்பி வந்தவரா, மகள்?" ரபீக்கா மறுபடியும் கேட்டார்.

இன்ஷிராவுக்கு எரிச்சல் வந்தது. ரபீக்காவின் முன்னோரான அந்த வியாபாரி, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கிண்ணியாவிலிருந்து அரிசி வாங்க ரங்கூனுக்குக் கப்பலேறியவர். மனைவிக்கு அவர் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதங்களை வைத்துத்தான் இன்ஷிரா அவருடைய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆதாரமில்லாம நான் ஒண்டும் சொல்லமாட்டன், மாமி. திரும்பி வாற நாளை அடுத்த கடிதத்தில எழுதுறன் எண்டு இதில சொல்லுறார். அந்தக் கடைசிக் கடிதம் எங்க?"

"அரபு எழுத்தைக் கண்டு, ஓதின தாளெண்டு நினைச்சிட்டன். தாயத்துக்குள்ள சுருட்டி வச்சு, மகன் அர்ஷாக்ட கழுத்தில கட்டினனான்."

"நல்லதாப் போச்சு! அவரைக் கூப்பிடுங்க, பிரிச்சுப் பாப்பம்."

ரபீக்கா யன்னல் வழியே கொட்டியாரக் குடாவைப் பார்த்தார்.

"மாரி துவங்க முந்திக் கடலுக்குப் போனவன். இன்னும் படகுமில்ல, ஆளுமில்ல. தாயத்து காப்பாத்துமெண்டு இருந்தன். இந்தத் தாளெல்லாம் வெறும் கடுதாசி எண்டு இண்டைக்கு நீங்க சொல்லித்தானே தெரியும். மரைக்காயர் வந்தவரெண்டா என்ட புள்ளயும்..."

இன்ஷிரா பேனையை மூடினாள்.

"வந்தவர், மாமி" என்றாள், குனிந்த தலை நிமிராமல். "சுகமா வந்து சேர்ந்தவர்."