காணாமல் போகும் பிரஷ்

பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மறுபடியும் காணோம்.

பெரியவளுக்கு மண்டை காய்ந்தது. நகை போனால் புரியும். பேரம் பேசி வாங்கிய பிளாஸ்டிக் பிரஷ்ஷை எவன் திருடுவான்?

வீட்டில் இருப்பதே நாலு பேர். அவள், புருஷன், கொழுந்தன், அவன் பெண்டாட்டி.

"ஏன்டி, உண்மையைச் சொல்லு. நீதானே எடுத்தே?"

"எனக்கெதுக்குக்கா? உங்க கொழுந்தன் வரும்படிக்குச் சட்டியே அழுக்காகறதில்ல. எதைத் தேய்க்க?"

அதுவும் நிஜம்தான். அண்ணனும் தம்பியும் ஒரே கடலில்தான் சிங்கி இறாலுக்குக் கூண்டு போடுகிறார்கள். அண்ணன் பெட்டி நிறைகிறது. தம்பி பெட்டியில் பாதி காற்று.

"வாலுக்கடியில முட்டை ஒட்டியிருந்தா இவர் கடல்லயே விட்டுடறார். மீனவர் சங்கத்து விதியாம்."

"விதி போட்ட தலைவரே என் வீட்டுக்காரர்தான். அவரும்தான் விடறார். கைராசின்னு ஒண்ணு இருக்குடி."

தலைவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தார். தாய்ச் சிங்கியைக் காப்பது பற்றி இன்று கூட்டத்தில் அவர் பேச்சு.

"பிரஷ்தானேன்னு விடாதே. கை நீளம் குடும்பத்துக்கு ஆகாது. அவங்களைத் தனியாப் போகச் சொல்லு."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரியவள் விழித்தாள். ஒரு பிரஷ்ஷுக்கா தனிக்குடித்தனம்?

"நான்தான் அண்ணி எடுத்தேன்," என்றான் திண்ணையிலிருந்து எழுந்து வந்த கொழுந்தன். "நாங்க போயிடறோம்."

சின்னவள் வாயைப் பிளந்தபடி அவனையே பார்த்தாள். பெரியவளுக்கு இன்னும் குழம்பியது. எடுத்தவன் முகமா இது?

அவர்கள் சாமான் கட்டக் கயிறு இல்லை. பெரியவளே கரைக்குப் போய்த் தன் புருஷன் படகில் தேடினாள்.

கயிற்றுச் சுருளுக்கடியில் கிடந்தன, அவள் வாங்கிய அத்தனை பிரஷ்ஷும். நார் இடுக்கெல்லாம் கடுகு கடுகாய்ச் சிங்கி முட்டை.

சுரண்டித் தேய்த்துவிட்டால் எது தாய் என்று எந்த வியாபாரிக்குத் தெரியும்?

முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்து கொழுந்தன் முன்னால் கொட்டினாள்.

"தெரிஞ்சேவா தம்பி பழியைச் சுமந்தீங்க?"

அவன் அவசரமாகப் பொறுக்கித் தன் துணி மூட்டைக்குள் செருகினான்.

"மெதுவாப் பேசுங்கண்ணி. அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் அத்தனை படகுக்காரனும் முட்டைச் சிங்கியைக் கடல்ல விடறான். இது வெளிய தெரிஞ்சா, நாளைக்கு ஊர்ல எந்த வீட்டுலயும் பிரஷ் தங்காது."