பதினொரு மணி மேடு

மேடு வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் வரவில்லை. திரையில் கோடு நூல் பிடித்ததுபோல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

மணி பதினொன்று இருபது.

ஏழு மாதமாக வேலை நாளெல்லாம் பதினொன்று ஐந்துக்குக் கோடு மேலேறும். கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கும். சின்ன மேடுதான். ஆனால் அந்த ஆய்வகத்தில் சின்னது என்று எதுவும் கிடையாது. எங்கெங்கோ இருந்து வரும் கருவிகளெல்லாம் அங்கிருக்கும் அலைவெண் பெட்டியோடு ஒப்பிட்டுத்தான் திருத்தப்படுகின்றன. அந்தப் பெட்டிக்கோ அறையின் சூடு துளி மாறினாலும் துடிப்பு பிசகிவிடும்; திரையில் கோடு மேலேறும்.

கருவிகளுக்குக் கொடுத்த சான்றிதழ்கள் பிழை என்று திரும்பி வந்தன.

அவர் ஆய்வகத்தின் தலைவர். பெட்டியைப் பார்த்துக்கொள்பவள் நித்திலா. பழி அவள்மேல் விழுந்தது. விழவில்லை, அவர்தான் போட்டார்.

விசாரணை அறிக்கையில், கதவைத் திறந்து வைக்கிறாள் என்று எழுதினார். கவனமில்லை என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடு வருவதில்லை, ஞாயிறு அவளுக்கு விடுமுறை, இதைவிட என்ன சான்று வேண்டும் என்றும் எழுதினார்.

ஞாயிறு அவருக்கும் விடுமுறைதான். அது தோன்றவே இல்லை.

இன்று பதினொரு மணிக்கு அவளுடைய பணிநீக்க உத்தரவு கையெழுத்துக்கு வந்தது. அதனால்தான் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இல்லாவிட்டால் வழக்கம்போல் பெட்டி இருக்கும் அறைக்குப் போயிருப்பார். பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைவிட அதன்மேல் அக்கறை உள்ளவர் யார்?

ஏசியின் குளிர்காற்று பெட்டிக்கு வரும் வழியை மறித்துத்தான் நிற்பார்.



கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்த அறையில் நித்திலா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் கைகளை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள். அவள் உள்ளே இருந்தாள். அவர் வெளியே இருந்தார்.

கோடு நேராக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் கேட்டது நினைவுக்கு வந்தது.

"ஒரே ஒரு நாள் நீங்க உள்ள வராம இருந்து பாப்பமா சார்?"

'மேலதிகாரியை அவமதித்தாள்.' அதையும் எழுதியிருந்தார். பக்கம் மூன்று, இரண்டாவது பத்தி.

கோப்பின் அடியில் அவளுடைய பழைய நோட்டு இருந்தது. சான்றுக்காக அவரே வாங்கி வைத்தது. முதல் பக்கத்துக்கு மேல் பார்த்ததில்லை. இப்போது புரட்டினார்.

11.05. வெளியிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியருகே 22.0 டிகிரி.

11.20. அவர் போனார். பெட்டியருகே 22.4 டிகிரி.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். பொடியான, அவசரமில்லாத எழுத்து. நூறு நாளுக்கு மேல் இருக்கும். ஓர் இடத்தில்கூட அவள் அவர் பெயரைக் குறிக்கவில்லை. விசாரணை தொடங்கிய பிறகும் குறிக்கவில்லை.

முகம் எரிந்தது. வெட்கம் என்றால் என்னவென்று முப்பது வருட சர்வீஸில் இன்றைக்குத்தான் தெரிந்தது.

அலுவலக உதவியாளர் தணிகாசலம் கதவருகே வந்து நின்றார்.

"ஆர்டர்ல கையெழுத்து ஆயிடுச்சுங்களா சார்? சாப்பாட்டுக்கு முன்னாடி மேடம்கிட்ட குடுக்கச் சொன்னாங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.

"உட்காருங்க தணிகாசலம். நேரமாகும்."

உத்தரவை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். 'ஒருவர்' என்ற சொல்லுக்கு மேலே தன் பெயரை எழுதினார்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.