செப்டம்பரில் பிறந்தவள்

நூற்றுப்பத்து.

அவன் கைபேசியை மேசையில் வைத்தான். மறுபடி எடுத்துப் பார்த்தான். எண் மாறவில்லை.

கடைசியாக இடம் கிடைத்த பிள்ளைக்கு நூற்றுப்பதினொன்று.

நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளி இங்கே பக்கத்தில் அது ஒன்றுதான். மகள் மகிழினி இனிமேல் அந்தத் தேர்வை எழுதவும் முடியாது.

எதிர்வீட்டு அகரனுக்கு நூற்றுப்பதினான்கு.

இருவரும் ஒரே வகுப்பு. இருவருக்கும் சரியான விடைகள் எண்பத்திரண்டு. ஆனால் இங்கிலாந்தில் வகுப்பு செப்டம்பர் ஒன்றில் பிரிகிறது. ஆகஸ்ட் கடைசியில் பிறந்த அகரன் வகுப்பிலேயே சின்னவன். செப்டம்பர் மூன்றில் பிறந்த மகிழினி வகுப்பிலேயே மூத்தவள். விடைகளை மதிப்பெண்ணாக மாற்றும்போது சின்னவர்களுக்கு வயதைப் பார்த்துக் கூட்டிப் போடுகிறார்கள்.

செப்டம்பர் மூன்றைத் தேர்ந்தெடுத்தவன் அப்பாவான அவன்தான்.

ஆகஸ்ட் முப்பதிலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிடலாம் என்றார் கரூர் டாக்டர். அவன் கையில் ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் இருந்தது.

மனைவி கோகிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"நாலு நாள் முன்னாடி எடுத்திருந்தா நாலு மார்க் சேந்து வந்திருக்குமுங்க. புதன் உச்சத்துல இருக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே. படிப்புக்கான கிரகமாமா!"



சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த மகிழினி நிமிர்ந்தாள்.

"அம்மா, ஆகஸ்ட்ல பொறந்திருந்தா நான் மேல் கிளாஸ்ல இருப்பேன். பரீட்சை போன வருஷமே முடிஞ்சிருக்கும். போன வருஷம் எனக்குப் பெர்சன்டேஜ் கணக்கே வராது."

இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"அகரன் என்னைவிட ஒரு வருஷம் சின்னவன். அவனும் எண்பத்திரெண்டு வாங்கியிருக்கான்னா, அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்தானே?"

முறுக்கை ஒடித்தாள்.

"இந்த வருஷம் மட்டும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியின் மின்னஞ்சலைக் கடைசி வரிவரை இழுத்துப் படித்தான்.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சம்மதமா? ஒரே மதிப்பெண் பெற்றவர்களில், முதலில் சம்மதம் தருபவருக்கே முன்னுரிமை.

நூற்றுப்பத்து இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ.

விரல் திரையருகே போனது.

"ஏனுங்க, இருங்க இருங்க." கோகிலாவின் கண் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் இருந்தது. "செவ்வாக்கெழமை. நாலரை வரைக்கும் ராகு காலம். பத்து நிமிஷந்தானே, என்ன கெட்டுப் போச்சு?"

மகிழினி மெல்லுவதை நிறுத்தினாள்.

அவன் அழுத்தினான்.

கோகிலா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனை, வீட்டுக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல.