பழம் மட்டும்

"பழம் மட்டும்தானாம்! கேட்டியளே?"

யோகராணி கதவைச் சாத்திய சத்தத்தில் சிறிதரன் கையிலிருந்த பேப்பரை இறக்கினார்.

"ஆர் சொன்னது?"

"வேற ஆர்? பக்கத்து வீட்டுக் கரோல்தான். நாளைக்குப் பின்னேரம் அவளின்ரை வீட்டில ஹாலோவீன் பார்ட்டியெல்லோ? நான் வடை சுட்டுக்கொண்டு வாறன் எண்டு சொல்ல வாய் திறக்க முதல், 'யோகா, நீ பழம் மட்டும் கொண்டு வா, அடுப்புப் பக்கமே போகாதே' எண்டு சொல்லிப்போட்டாள்."

"நல்லதுதானே. உமக்கு வேலை மிச்சம்."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. எங்கட சாப்பாட்டு மணம் அவைக்குப் பிடிக்காது. அதைத்தான் நாகரிகமாச் சொல்லுறாள்."

யோகராணியைக் குறை சொல்லவும் முடியாது. எழுபத்து மூன்றாம் ஆண்டு மெல்பேர்ணில், அந்தக் கிளேட்டன் தெருவில், தமிழ் பேசும் வீடு அது ஒன்றுதான். ஜூலையில் பள்ளிக்கூட விழாவுக்கு அவள் விடிய எழும்பிப் பொரித்துக் கொண்டுபோன நாற்பது ரோல்ஸில் முப்பத்தெட்டு அப்படியே திரும்பி வந்தன. குறைந்த இரண்டையும் தின்றவர்கள் சிறிதரனும் ஏழு வயது மகள் ரஞ்சினியும்.

கரோல் அமெரிக்காக்காரி. பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டுக் கூத்தடிக்கும் அந்தப் பண்டிகையை அந்தத் தெருவுக்குக் கொண்டு வந்தவளே அவள்தான். யோகராணி மனம்விட்டுப் பேசுகிற ஒரே சிநேகிதியும் அவள்தான். அவளுமா இப்படி என்பதுதான் யோகராணிக்கு வலித்தது.

"விரதக்காரி இப்பிடிக் கோவிக்கக் கூடாது," என்றார் சிறிதரன். "முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

அன்று கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள். வெறும் வயிற்றில் கோபம் நன்றாகவே பற்றிக்கொள்ளும்.

ஆனாலும் பார்ட்டிக்குக் கூட்டிப்போவதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கரோல் எழுதித் தந்த துண்டில் இருந்தது கைக்குழந்தையும் செய்யக்கூடிய வேலை. வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி, குச்சி குத்தி, கெட்டித் தயிரில் தோய்த்து, உலர்ந்த திராட்சையில் கண் வைத்து ஃப்ரீஸருக்குள் வைக்க வேண்டும். விடிந்தால் வெள்ளைப் பேய் தயார்.

"அம்மா, இந்தப் பேய்க்கு மூண்டு கண் வைச்சிட்டன்."

"இருக்கட்டும். அது எங்கட ஊர்ப் பேய்."

ரஞ்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். யோகராணிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிலைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தாள். பேய்கள் விறைத்து நின்றன. அவள் மனம் மட்டும் ஆறவில்லை. பருப்பை ஊறப் போட்டாள்.

அரைத்து, வெங்காயம் வெட்டிப் போட்டு, செத்தல் மிளகாயைத் தாராளமாகவே கிள்ளிப் போட்டாள். விரதமாதலால் உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. எண்ணெய் காய்ந்ததும் குசினி ஜன்னலை, கரோல் வீட்டுப் பக்கத்து ஜன்னலை, வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ரஞ்சினி காற்றை மோந்து பார்த்தாள்.

"அம்மா, கரோல் அன்ரி பழம் எண்டெல்லோ சொன்னவ?"

"சொல்லட்டும். திண்டால் தின்னட்டும், விட்டால் விடட்டும். இந்த ஊரில நாங்கள் ஒளிச்சு ஒளிச்சுச் சீவிக்கேலாது."

வெள்ளைத் துணி போர்த்த ரஞ்சினி பேய்த் தட்டோடு முன்னே போனாள். வடைத் தட்டோடு யோகராணி பின்னே போனாள்.

கரோல் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் யோகராணி அப்படியே நின்றுவிட்டாள்.

மேசை நிறையப் பழம். கிண்ணத்தில் விறைத்த திராட்சை. குச்சியில் குத்திய அன்னாசி. கண்ணும் பல்லும் கீறிய ஆரஞ்சுத் தோடம்பழக் கோதுகளுக்குள் உறைந்த சாறு. ஒரு கேக் இல்லை, ஒரு பிஸ்கட் இல்லை.

எதிர்வீட்டு மார்கரெட் சிரித்துக்கொண்டே முறையிட்டாள். "என் சாக்லேட் கேக்குக்குக்கூடத் தடை போட்டுவிட்டாள், யோகா. தெரு முழுவதும் ஃபோன் செய்து, பழம், பழம், பழம் மட்டும்தான் என்று ஒரே பிடிவாதம்."

"ஏன்?" என்று கேட்டாள் யோகராணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கரோலின் முகம் சிவந்தது.

"உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை நான் தந்த கேக்கை நீ தொடவில்லை. ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்றாய். ஹாலோவீனை வேறு நாளுக்குத் தள்ள முடியாது. என் வீட்டுக்கு வந்து நீ மட்டும் வெறும் கையோடு நிற்க, நாங்கள் எப்படித் தின்பது? சொல்லியிருந்தால் வேண்டாம் என்று தடுத்திருப்பாய். பட்டினி கிடக்கிறவளை அடுப்படியில் நிற்க வைக்கவும் மனம் வரவில்லை."

யோகராணிக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து கண்ணை நிறைத்தன. வடைத் தட்டை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் தடுமாறினாள்.

அதற்குள் மார்கரெட் தட்டின் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். மிளகாய் உறைத்துக் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு இரண்டாவதையும் எடுத்தாள். "இதை ஏன் எங்களுக்கு இத்தனை நாளும் தரவில்லை?" என்றாள்.

கரோல் மூன்று கண் பேயைத் தேடி எடுத்து யோகராணியின் கையில் கொடுத்தாள்.

"எது வேண்டுமோ எடு, யோகா. இன்றைக்கு இந்த மேசையில் உள்ளதெல்லாம் நீ சாப்பிடக்கூடியது."

அவ்வளவு பெரிய மேசையில் யோகராணி தொட முடியாத பண்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவள் கொண்டு வந்த வடை.